கேட்கத் தெரியாதவர் காக்க முடியுமா?

பாண்டியன் ஒரே ஒரு கேள்வியைக் கேட்டிருந்தால் கோவலன் கொலையுண்டிருக்க மாட்டான். "அச்சிலம்பின் உள்ளீடு யாது?" என்பதே அக்கேள்வி. அரசியின் சிலம்பில் முத்து. கண்ணகியின் சிலம்பில் மாணிக்கம். உடைத்துப் பார்க்க நொடிப்பொழுது போதும். பொற்கொல்லன் சொன்னதை அரசன் அப்படியே நம்பினான், உசாவாமல் ஆணையிட்டான். உண்மை வெளிப்பட்டபோது உயிர் போயிருந்தது. சிலப்பதிகாரத்தை மேடைதோறும் முழங்கும் நாம், அது புகட்டும் முதற்பாடத்தை ஒருநாளேனும் எண்ணிப் பார்த்தோமா? கொடுமனம் மட்டுமன்று, கேளாமையும் கொல்லும் என்பதன்றோ அப்பாடம்!

இதனை ஈண்டு எழுதுதற்குக் கரணியம் உண்டு. ஏழைக்கும் முறைமன்றத்தின் கதவு திறக்க வேண்டும் என்று 1976ஆம் ஆண்டில் அரசமைப்புச் சட்டத்தில் 39அ என்னும் உறுப்பைச் சேர்த்தனர். 1987இல் சட்டப் பணிகள் ஆணைக்குழுச் சட்டம் இயற்றப்பெற்று, 1995 நவம்பர் 9 முதல் நடைமுறைக்கு வந்தது. பெண்டிர், சிறார், தாழ்த்தப்பட்டோர், பழங்குடியினர், சிறையிலிருப்போர், மாற்றுத்திறனாளர் ஆகியோர்க்குக் கட்டணமின்றி வழக்குரைஞரைத் தர அச்சட்டம் வழி செய்தது. மக்களுக்கும் சட்டத்திற்கும் இடையே பாலமாக நிற்கத் தொண்டர்களைப் பயிற்றும் திட்டம் 2009இல் வந்தது. வழக்குரைஞர் அல்லாத ஆசிரியரும் மாணவரும் ஓய்வுபெற்றோரும் அதில் சேரலாம். நல்ல திட்டந்தான், மறுப்பாரில்லை.

ஆனால் அத்தொண்டர்க்கு எதனைக் கற்பிக்கின்றனர்? யாம் நேரிற் கண்ட ஒரு பயிற்சியைச் சொல்கின்றோம். காலை முதல் மாலை வரை சட்டப் பிரிவுகளின் எண்களை ஒப்பித்தனர். கையிற் கொடுத்த தாள்கள் ஆங்கிலத்தில் இருந்தன. அழுதுகொண்டு வரும் ஒருத்தியிடம் முதலில் என்ன கேட்பது, எப்படிக் கேட்பது, கேட்டதை எப்படி எழுதுவது என்று ஒருவரும் வாய் திறக்கவில்லை. எண் தெரிந்தவன் வழக்கறிந்தவன் ஆவானா? மருந்தின் பெயரை மட்டும் கற்று, நாடி பார்க்கக் கல்லாதவனிடம் உடம்பைக் கொடுப்பீர்களா?

போதாக்குறைக்கு, 2024 சூலை முதல் நாளன்று பழைய மூன்று குற்றச் சட்டங்களை நீக்கிப் புதியன மூன்றைக் கொணர்ந்தனர். அவற்றின் பெயர்கள்: பாரதிய நியாய சன்கிதா, பாரதிய நாகரிக் சுரக்சா சன்கிதா, பாரதிய சாட்சிய அதினியம்! வயற்காட்டில் களை பறிக்கும் தமிழச்சிக்கு இவற்றுள் ஒரு சொல்லேனும் விளங்குமா? பெயரே வாயில் நுழையாத சட்டத்தை அவள் எங்ஙனம் தன் காவலாகக் கொள்வாள்? மக்களை ஆளும் சட்டம் மக்களின் மொழியிற் பேசாதபோது, அதற்கும் அவர்களுக்கும் இடையே நிற்கும் தொண்டனின் பொறுப்பு இருமடங்காகின்றது.

அப்பொறுப்பை ஏற்பதற்குரிய கருவி நம் கையிலேயே இருக்கின்றது. பவணந்தியார் நன்னூலில் வினா ஆறு, விடை எட்டு என வகுத்தார். அறிவினா, அறியாவினா, ஐயவினா, கொளல்வினா, கொடைவினா, ஏவல்வினா என மாணவர் ஆண்டுதோறும் ஒப்பிக்கின்றனர், மதிப்பெண் வாங்குகின்றனர், மறந்துவிடுகின்றனர். கற்பிக்கும் நாமும் மறந்துவிடுகின்றோம். இவை வாழ்க்கைக்கு என்று ஒருநாளேனும் வகுப்பிற் சொன்னோமா?

"அவன் உன்னை அடித்தானா, தள்ளினானா?" என்பது ஐயவினா. இவ்விரண்டில் ஒன்றைச் சொல் என்று அவ்வினாவே அவள் வாயை அடைக்கின்றது. நடந்தது மூன்றாவதாகவும் இருக்கலாமன்றோ? "என்னம்மா நடந்தது?" என்று கேட்டுவிட்டு வாய்மூடி இருப்பதே அறியாவினா. உசாவுவோன் முதலிற் கேட்க வேண்டியது இதனைத்தான். விடையைத் தன்னுள்ளே வைத்திருக்கும் வினாவைத் தன் பக்கத்துச் சான்றாளரிடம் வழக்குரைஞர் கேட்கச் சட்டமும் பொதுவாக இடந்தருவதில்லை.

இனி விடையைப் பாருங்கள். சுட்டு, மறை, நேர் ஆகிய மூன்றே நேரான விடைகள். ஏனை ஐந்தும் குறிப்பால் உணர்த்துவன. அஞ்சி நடுங்கும் எளியோர் பெரும்பாலும் இவ்வைந்தில்தான் பேசுவர். "வீட்டில் அவன் நடத்தை எப்படியம்மா?" என்று கேட்டால், ஒருத்தி "முதுகெல்லாம் வலிக்குதுங்க" என்பாள், அஃது உற்றதுரைத்தல். இன்னொருத்தி "இதைச் சொன்னா ராத்திரி எனக்குச் சோறு கிடைக்காதுங்க" என்பாள். அஃது உறுவது கூறல். மற்றொருத்தி "குடிகாரன் கொஞ்சவா செய்வான்?" என்பாள், அது வினாவெதிர் வினாதல். இலக்கணம் அறியாத எழுத்தர் "விடை கூறவில்லை" என்று எழுதி ஏட்டை மூடுவார். அறிந்தவரோ, அவ்விடத்தில் ஒரு கதவு திறந்திருப்பதைக் கண்டு, "எப்போதிருந்து வலிக்கின்றது?" என மெல்ல அடுத்த வினாவைத் தொடுப்பார். அவள் சொல்லாததைத் தாமாக எழுதிக்கொள்ளவும் மாட்டார்.

இனி எம் குற்றத்தையே சொல்கின்றோம். சில ஆண்டுகட்கு முன், எம்மூர்க் கைம்பெண் ஒருவர் எல்லைக்கல் பறிபோனதென்று முறையிட வந்தார். "ராத்திரி வந்து கல்லைப் பிடுங்கிட்டானாம், வாத்தியாரையா" என்றார். யாம் அதனைச் செந்தமிழாக்கி, "இரவில் வந்து எல்லைக்கல்லைப் பிடுங்கினான்" என எழுதிக் கொடுத்தோம். உசாவல் நாளன்று அலுவலர், "நீங்கள் கண்ணாற் பார்த்தீர்களா?" என்றார். "நான் எங்க சாமி பாத்தேன்? மேலத்தெரு ஆளுல்ல சொன்னாரு" என்றார் அவ்வம்மையார். எழுத்து ஒன்று, பேச்சு ஒன்று! பொய்ம்முறையீடு என்று தாளை ஒதுக்கிவிட்டனர். பொய் சொன்னவர் அவரல்லர், எழுதிய யாமே.

"பிடுங்கிட்டானாம்" என்பதன் இறுதியில் நின்ற "ஆம்" என்னும் ஓரிடைச்சொல், "யான் கண்டதன்று, கேட்டது" என்று தெளிவாகச் சொல்லிற்று. கண்டவனே வந்து சான்றுரைக்க வேண்டும் என்பது 1872ஆம் ஆண்டுச் சான்றுச் சட்டத்திலிருந்து இன்றுவரை தொடரும் நெறி. கண்டதையும் கேட்டதையும் பிரித்துக் காட்டும் அந்நுட்பத்தை எழுத்தறியாத அவ்வம்மையாரின் நாவு காத்தது. தமிழாசிரியனின் எழுதுகோல் அழித்தது. அந்த "ஆம்" எம் காதில் விழுந்திருந்தால், "யார் சொன்னார்?" என்று கேட்டிருப்போம், மேலத்தெரு ஆளை அழைத்து வந்திருப்போம்.

இன்னுமொன்று. "பணம் கொடுத்தேன்" என்பதும் "பணம் கொடுத்து வைத்தேன்" என்பதும் ஒன்றா? முன்னது கடனாகவும் இருக்கலாம். பின்னது காத்துத் தருமாறு நம்பி ஒப்படைத்தது. கடனைத் திருப்பித் தாராமை பெரும்பாலும் உரிமை வழக்காகவே முடியும். ஒப்படைத்ததைக் கையாடுதல் குற்ற வழக்காகும். "வை" என்னும் ஒரு துணைவினையில் வழக்கின் போக்கே மாறுகின்றது. அதனை உதறிவிட்டு "கொடுத்தார், திருப்பித் தரவில்லை" என்று சுருக்கி எழுதுபவன் உதவி செய்பவனா, கேடு செய்பவனா?

ஆகவே, தனித்தமிழ்ப் பற்றாளராகிய நமக்குள் ஓர் உறுதி வேண்டும். நம் கட்டுரையில், கடிதத்தில், மேடையில் தூயதமிழ் வழங்குவோம். அதில் இம்மியும் தளரோம். ஆனால் துயருற்றார் வாய்மொழியை எழுதுங்கால் ஓரெழுத்தையும் திருத்தோம். அவர் "கல்யாணம்" என்றால் கல்யாணம் என்றே எழுதுவோம். அது நம் உரைநடையன்று, அவர்தம் உயிர்ச்சான்று. அதைத் திருத்துதல் மொழித்தொண்டு ஆகாது, முறைகேடே ஆகும்.

இளைஞனே! இத்தொண்டிற்கு நீ வா. வந்தால் இவற்றைக் கைக்கொள். வந்தவரை முதலில் அமரச் செய்; தண்ணீர் கொடு; இடைமறியாமல் முழுவதும் கேள். பலர் கண்டிருந்தால் ஒவ்வொருவரையும் தனித்தனியே உசாவு. "ஆடிப்பெருக்குக்கு மறுநாள்" என்றால், நாட்காட்டியைப் பார்த்து நாளைக் குறி. அவர் சொன்னதையும் உடன் எழுது. "கூப்பிடு தொலைவு" என்றால், நேரிற் சென்று அளந்து பார். தாள், பற்றுச்சீட்டு, உறை எதிலும் கோடு கிழிக்காதே; படி எடுத்துக்கொண்டு மூலத்தை உரியவரிடமே கொடு. எழுதியதை அன்றே படித்துக் காட்டு. நமக்கு மாறான செய்தி கிடைத்தால் அதனை மறைக்காதே. மறைப்பதை எதிர்த்தரப்பு மன்றத்தில் திறக்கும்.

அவருக்குரிய உரிமைகளையும் தமிழிற் சொல். வாயாற் சொன்ன குற்றச் செய்தியைக் காவல்நிலையத்தார் எழுதி, படித்துக் காட்டி, கையொப்பம் பெற்று, படியொன்றை விலையின்றித் தர வேண்டும் என்கின்றது புதிய நடைமுறைச் சட்டத்தின் 173ஆம் பிரிவு. சான்றுரைக்கும் பெண்ணை உசாவக் காவல்நிலையத்திற்கு வரச் சொல்லலாகாது. அவள் இருப்பிடத்திலேயே உசாவ வேண்டும் என்கின்றது 179ஆம் பிரிவு. புலனாய்வில் காவலரிடம் சான்றாளர் சொல்லி எழுதப்படுவதில் கையொப்பம் வாங்கலாகாது என்கின்றது 181ஆம் பிரிவு. இம்மூன்றும் தெரியாமல் நம் மக்கள் நடுங்கியது போதும்!

தமிழாசிரியப் பெருமக்களே! வினா விடை இலக்கணத்தை இனித் தேர்வுக்காக மட்டும் நடத்தாதீர்கள். கிழமைக்கு ஒரு மாலை உம் ஊர்த் திண்ணையில் பத்து இளைஞரை அமர்த்துங்கள். ஒருவர் துயருற்றாராய்ப் பேசட்டும், ஒருவர் உசாவட்டும், மற்றவர் பிழை காணட்டும். ஆங்கிலத் தாளுக்கும் அரசின் ஆணைக்கும் காத்திராதீர்கள்.

பாண்டியன் தன் பிழை உணர்ந்த அந்நொடியே உயிர் துறந்தான். நாம் உயிர் துறக்க வேண்டா. வாயைத் திறந்து ஒரு கேள்வி கேட்டால் போதும். காதைத் திறந்து, வரும் விடையை முழுதும் கேட்டால் போதும்!