அறிந்துகொள்வோம்: போகும் வழியும் மீளும் வழியும்



சென்ற திங்கள் இப்பகுதியில் மின்கட்டணச் சீட்டைப் படித்தறியும் முறையை எழுதியிருந்தேன். இத்திங்கள் குடிநீர்க் கட்டணத்தைப் பற்றி எழுதுவதாக இருந்தேன். ஆயினும் நம் சங்க நூலக அறையில் நேர்ந்த ஒரு நிகழ்ச்சி அந்த எண்ணத்தை மாற்றிவிட்டது. இணையத்தில் செய்திகள் எவ்வழியே செல்கின்றன, அவற்றின் விலாசம் இடைவழியில் ஏன் மாற்றப்படுகின்றது, அதில் பழுது நேர்ந்தால் எவ்வாறு தேடுவது என்பனவற்றை எழுதத் துணிந்தேன். நான் பத்தாம் வகுப்போடு படிப்பை நிறுத்தியவன். இரயில்வே பார்சல் அலுவலகத்தில் எழுத்தராகப் பணிபுரிபவன். பொறியியல் கற்ற அன்பர்கள் குறை காணின் பொறுத்தருள வேண்டுகின்றேன்.

நம் நூலகத்தின் மூலையில் மேசைத் தொலைபேசி ஒன்று இருப்பதை அறிவீர்கள். கைப்பேசித் திரையைத் தொட்டுப் பழகாத முதியோர், வெளியூரிலும் வெளிநாட்டிலும் வாழும் தம் மக்களோடு பேசுவதற்காக அமைக்கப்பட்டது அது. இணையத்தின் வழியே இயங்கும் அத்தொலைபேசிக்குரிய சிறிய இணைப்பகம் அதே அறையில் அலமாரிக்குள் இருக்கின்றது. ஞாயிறுதோறும் மாலை நான்கு மணிக்குச் சாலைக் கடைத்தெருப் பக்கத்திலிருந்து ஓர் ஆச்சி வருவார்கள். சிங்கப்பூரில் இருக்கும் எட்டு வயதுப் பேரனுக்குத் தொலைபேசியில் ஒரு கதை சொல்வார்கள். கதை முடிந்ததும் பேரன் அதைத் தமிழிலேயே திருப்பிச் சொல்லவேண்டும் என்பது அவ்விருவருக்கும் உள்ள ஒப்பந்தம். அந்தப் பிள்ளை தமிழ் பேசுவதற்கு அந்த அரைமணி நேரமே துணை.

ஒரு ஞாயிறு, ஆச்சி கைப்பிடியை வைத்துவிட்டு என்னிடம் வந்தார்கள். "தம்பி, இனி எனக்கு நேரம் ஒதுக்க வேண்டாம். மூன்று வாரமாகக் கதை சொல்கிறேன். அவன் ஒரு வார்த்தை திருப்பிச் சொல்லவில்லை. பிள்ளைக்குத் தமிழ் விட்டுப்போயிற்று" என்றார்கள். அதற்குமேல் ஒன்றும் சொல்லாமல் படியிறங்கிப் போய்விட்டார்கள்.

அன்றிரவு என் கைப்பேசியிலிருந்து அப்பிள்ளையின் தந்தையை அழைத்தேன். அவரோ, "அண்ணாச்சி, அம்மாவுக்குக் காது மந்தமாகிவிட்டது. பையன் தொண்டை வறளக் கதை சொல்கிறான். அம்மா, 'ஏனடா பேச மாட்டாயா?' என்றே கேட்டுக்கொண்டிருக்கிறார்கள். அடுத்த முறை வரும்போது காது மருத்துவரிடம் காட்டவேண்டும்" என்றார்.

அன்பர்களே, இங்கே பாட்டி பேரனின் நாவின்மேல் பழி கூறினார்கள்; அங்கே மகன் தாயின் செவியின்மேல் பழி கூறினார். இரண்டும் நன்றாகவே இருந்தன. பேரன் குரல் வந்துசேரும் வழியிலேதான் பழுது.

பழுது தேடுவோர் முதற்கண் கேட்கவேண்டிய கேள்வி, "அண்மையில் மாற்றப்பட்டது யாது?" என்பதே. ஒரு திங்களுக்கு முன்னர்ச் சங்கத்துக்கு இரண்டாவது இணைய இணைப்பு ஒன்றைப் பெற்றோம். ஃபயர்வால் எனப்படும் புதிய காவற்பெட்டியையும் வைத்தோம். உள்ளே வருவதையும் வெளியே போவதையும் ஆராய்ந்து விடுவது அப்பெட்டியின் வேலை. விலாசத்தை மாற்றுவதும் அதன் வேலையே. அஃது ஏன் என்பதைச் சிறிது விளக்குவேன்.

இணையத்தில் உள்ள கருவி ஒவ்வொன்றுக்கும் ஒரு விலாச எண் வேண்டும். 1981-ஆம் ஆண்டு வகுக்கப்பட்ட முறைப்படி, கிடைக்கக்கூடிய எண்கள் ஏறத்தாழ 429 கோடி. உலக மக்கள்தொகைக்கே அவை போதா. ஆகவே 1994-ஆம் ஆண்டு எகவாங், பிரான்சிஸ் என்னும் இருவர் ஒரு வழியை வெளியிட்டனர். வீட்டுக்குள் இருக்கும் கருவிகள் உள் எண்களை வைத்துக்கொள்ளலாம். வெளியே செல்லும்போது மட்டும் வெளி எண்ணைப் பயன்படுத்தலாம் என்பதே அவ்வழி. உள் எண்களுக்கெனச் சில தொகுதிகள் ஒதுக்கப்பட்டன. உங்கள் வீட்டுக் கருவிகளில் 192.168 என்றோ 10 என்றோ தொடங்கும் எண்ணைக் கண்டிருப்பீர்கள். அவை அத்தொகுதிகளைச் சேர்ந்தவை.

எங்கள் அலுவலக மேசையில் இரண்டு தொலைபேசிகள் உண்டு. ஒன்று இரயில்வேக்குச் சொந்தமான இணைப்பு. அதன் எண்ணை வெளியார் ஒருவரிடம் கொடுத்து, "இதற்கு அழையுங்கள்" என்றால் அவரால் அழைக்க இயலாது. உள் எண்ணின் இயல்பு அத்தகையதே. வீட்டுக்குள் செல்லும், வாயிலைத் தாண்டினால் செல்லாது.

விலாச மாற்றம் நடைபெறும் முறையை நம் ஊர் இரயில் பாதையைக் கொண்டே விளக்கலாம். நம் முன்னோர் பலர் செங்கோட்டை வழியாக வந்தவர்கள். கொல்லம்–செங்கோட்டைப் பாதை 1904-ஆம் ஆண்டு திறக்கப்பட்டது. 1918-ஆம் ஆண்டு சனவரி முதல் நாள் கொல்லத்திலிருந்து திருவனந்தபுரத்துக்கு இரயில் வந்தது. 1931-ஆம் ஆண்டு பாதை தம்பானூர் வரை நீண்டது. இவையனைத்தும் மீட்டர் பாதை. எர்ணாகுளத்திற்கு வடக்கேயோ அகலப்பாதை. 1958-ஆம் ஆண்டு கொல்லத்துக்கும் எர்ணாகுளத்துக்கும் இடையே மீட்டர் பாதை முழுமையுற்றது. 1976-ஆம் ஆண்டு திருவனந்தபுரம் வரை அகலப்பாதை வந்தது. இடைப்பட்ட காலத்தில், வடக்கேயிருந்து இங்கு வரும் சரக்கைப் பாதை மாறும் இடத்தில் ஒரு வண்டியிலிருந்து இறக்கி மற்றொரு வண்டியில் ஏற்றவேண்டும். வண்டி எண் மாறும், சரக்கு மாறாது. எது எதில் ஏறிற்று என்பதைப் பதிவேட்டில் குறிக்காவிடின் சரக்கு கேட்பாரற்றுக் கிடக்கும்.

காவற்பெட்டியும் அவ்வாறே செய்கின்றது. உள்ளிருந்து வரும் பொதியின்மேல் உள்ள உள் எண்ணை அடித்துவிட்டு வெளி எண்ணை எழுதுகின்றது. "இந்த உள் எண்ணிலிருந்து இந்த வெளி எண்ணாகப் போயிற்று" என்று தன் பதிவேட்டில் குறித்துக்கொள்கின்றது. மறுமொழி வரும்போது பதிவேட்டைப் பார்த்து உரிய கருவியிடம் சேர்க்கின்றது. பதிவேட்டில் இல்லாத பொதி வந்தால் வாயிலிலேயே தள்ளிவிடுகின்றது.

இனி நம் பழுதுக்கு வருவோம். உண்மையில் பழுதுகள் இரண்டு. சங்க உறுப்பினரும் கணிப்பொறித் தொழிலருமான இளைஞர் ஒருவர் அவற்றைக் கண்டுபிடித்தார். நான் அருகில் அமர்ந்து குறிப்பெடுத்தேன்.

முதற் பழுது வழியைப் பற்றியது. புதிய பெட்டி வைத்த முதல் ஞாயிறு, வெளியிலிருந்து வந்த அழைப்பு எதுவும் நிலைக்கவில்லை. அழைப்புகள் பழைய இணைப்பின் எண்ணுக்கு வந்தன. ஆனால் புதிய பெட்டி, வேகம் மிகுந்தது என்பதற்காகப் புதிய இணைப்பையே பொது வழியாகக் கொண்டிருந்தது. ஆகவே மறுமொழி வேறு வாயில் வழியாக, வேறு விலாசத்தோடு வெளியேறிற்று. கொல்லத்தில் கொடுத்த பார்சலுக்கு மதுரையிலிருந்து ரசீது வந்தால் ஏற்பீர்களோ? எதிர்ப்புறக் கருவியும் ஏற்கவில்லை. இணைப்பகத்திலிருந்து செல்வன யாவும் பழைய இணைப்பின் வழியாகவே செல்லவேண்டும் என்று ஒரு விதி எழுதியவுடன் மணி ஒலித்தது, அழைப்பும் நிலைத்தது. எல்லாம் தீர்ந்தது என்று நாங்கள் எண்ணிவிட்டோம். மணி ஒலித்ததைக் கேட்டோமே அன்றிக் குரல் இருபுறமும் வருகின்றதா என்று சோதிக்கவில்லை. மூன்று வாரத் துன்பத்துக்கு அதுவே காரணம்.

இரண்டாம் பழுது விலாசத்தைப் பற்றியது. பெட்டியைக் கடந்து செல்லும் பொதிகளைப் படியெடுத்துப் பார்க்கும் வசதி உண்டு. ஆச்சியின் குரலைச் சுமந்த பொதிகள் நொடிக்கு ஐம்பதாக வெளியே சென்றுகொண்டிருந்தன. பேரனிடமிருந்து ஒன்றுகூட வரவில்லை. பின்னர் அழைப்பைத் தொடங்கும்போது இணைப்பகம் அனுப்பிய கடிதத்தைத் திறந்து பார்த்தார். "குரலை 192.168.10.25 என்னும் விலாசத்துக்கு அனுப்புக" என்று அதனுள் எழுதியிருந்தது. அது நம் அலமாரியின் உள் எண்! காவற்பெட்டி உறையின்மேல் உள்ள விலாசத்தை மாற்றிற்று. உள்ளே இருக்கும் கடிதத்தை மாற்றவில்லை. பழைய பெட்டி கடிதத்தையும் திருத்தி அனுப்பிவந்ததாம். புதிய பெட்டியில் அவ்வசதி நிறுத்தப்பட்டிருந்தது. சிங்கப்பூர்க் கருவி கடிதத்தில் கண்ட எண்ணுக்கே குரலை அனுப்பிற்று. வாயிலைத் தாண்டிச் செல்லாத அந்த எண்ணுக்கு அனுப்பிய குரல் எங்கும் போய்ச்சேரவில்லை. அங்குள்ள செயலி தன் வெளி விலாசத்தைக் கேட்டறிந்து சரியாக எழுதியிருந்தமையால் ஆச்சியின் குரல் மட்டும் தடையின்றிச் சென்றது.

அவ்வேளையில் நான் ஓர் அறிவற்ற யோசனை கூறினேன். "காவலை நீக்கிவிட்டு வாயிலைத் திறந்துவைத்தால் என்ன?" என்றேன். இளைஞர் மறுத்தார். இணையத் தொலைபேசி இணைப்பகங்களைத் தேடித் திரியும் திருடர் உலகெங்கும் உண்டு. திறந்த இணைப்பகம் கிடைத்தால் அதன் வழியே வெளிநாட்டு எண்களுக்கு அழைத்துப் பெருங்கட்டணம் ஏற்றிவிடுவார்கள் என்றார். பூட்டு திறக்கவில்லை என்பதற்காகக் கதவைப் பெயர்த்தெடுப்பவன் அறிவாளியாகான்.

அவர் செய்தவை இரண்டே. இணைப்பகத்தின் அமைப்பில், "வெளியாருக்கு எழுதும்போது உன் வெளி விலாசத்தையே எழுதுக" என்று பழைய இணைப்பின் நிலையான எண்ணைக் குறித்தார். பின்னர்க் குரல் வருவதற்கென 10000 முதல் 10200 வரையுள்ள வாயில் எண்களை மட்டும் இணைப்பகத்துக்குத் திருப்பிவிட்டார். ஏனைய வாயில்கள் மூடியே இருக்கின்றன.

இல்லங்களில் இத்தகைய இடர் நேர்ந்தால் அன்பர்கள் பின்வருமாறு பார்க்கலாம். முதலாவது, போகவில்லையா, வரவில்லையா என்று பிரித்தறிக. இரு முனையிலும் இருப்போர் வேறொரு தொலைபேசியில் பேசிக்கொண்டால் இது எளிதில் விளங்கும். இரண்டாவது, இணைய நிறுவனத்தார் வைத்த பெட்டிக்குப் பின் நீங்களே வாங்கிய மற்றொரு பெட்டி இருப்பின், இரண்டும் ஒரே உள் எண் தொகுதியைக் கொண்டிருக்கின்றனவா என்று பார்க்க. ஒரே தெருப்பெயர் இரண்டு இடங்களில் இருந்தால் தபால்காரர் மயங்குவது போல் பெட்டியும் மயங்கும். மூன்றாவது, உங்கள் பெட்டியின் வெளி எண் 100.64 முதல் 100.127 வரை உள்ள தொகுதியில் இருக்கின்றதா என்று காண்க. 2012-ஆம் ஆண்டு இணைய நிறுவனங்களின் பயனுக்காக ஒதுக்கப்பட்டது அத்தொகுதி. அவ்வாறு இருப்பின் நிறுவனத்தாரிடத்தும் ஒரு விலாச மாற்றம் நடைபெறுகின்றது என்பது பொருள். வெளியிலிருந்து நேராக உள்ளே வருவதற்கு உங்கள் வீட்டுப் பெட்டியில் எத்துணை விதி எழுதினாலும் பயனில்லை. நிலையான வெளி எண்ணை நிறுவனத்தாரிடம் கேட்டுப் பெறவேண்டும்.

இத்தொல்லை என்றைக்கும் நீடிப்பதன்று. பழைய எண்களின் மையக் கையிருப்பு 2011-ஆம் ஆண்டு பிப்ரவரி 3-ஆம் நாள் தீர்ந்துபோயிற்று. அளவற்ற எண்களையுடைய ஆறாம் பதிப்பு முறை பரவிவருகின்றது. 2022-ஆம் ஆண்டு இறுதிக்குப்பின் இல்லங்களுக்கு வழங்கும் புதிய கம்பிவழி இணைப்புகள் அதனை ஏற்க வல்லனவாக இருத்தல்வேண்டும் என்று இந்தியத் தொலைத்தொடர்புத் துறையும் அறிவித்தது. கருவிக்கொரு சொந்த எண் வந்துவிட்டால் விலாசம் மாற்றும் வேலை குறையும். காவல் மட்டும் அப்போதும் வேண்டும்.

அடுத்த ஞாயிறு ஆச்சியை வீட்டுக்குச் சென்று அழைத்துவந்தேன். நடந்ததைச் சொன்னபோது அவர்கள் நம்பவில்லை. கைப்பிடியைக் காதில் வைத்தார்கள். சிறிது நேரத்தில் ஒன்றும் பேசாமல் அதை என் காதில் வைத்தார்கள். சொல்லப்பட்ட மூன்று கதைகளையும் பிள்ளை முதலிலிருந்து வரிசையாகச் சொல்லிக்கொண்டிருந்தான். மூன்றாவது கதையில் "பழம்" என்பதைப் "பளம்" என்று சொல்லிவிட்டான். ஆச்சி கைப்பிடியை வாங்கிக்கொண்டு அவனைத் திருத்தினார்கள்.

அலமாரிக் கதவின் உட்புறத்தில் விதிகளையும் எண்களையும் எழுதி ஒட்டியிருக்கின்றேன். புதிய பெட்டி எதனை மாற்றினாலும், இரு முனையிலும் குரல் கேட்டபின்னரே வேலை முடிந்ததாகக் கொள்ளவேண்டும் என்பதையும் கீழே எழுதியுள்ளேன். குடிநீர்க் கட்டணத்தைப் பற்றி அடுத்த திங்கள் காண்போம்.