அணைப்பதற்கு முன் ஒரு முறை பாருங்கள்

எழுதிய நிரல் பாதியில் உறைந்து நின்றால், நம்மில் பலருடைய கை தானாகவே கன்ட்ரோல், சி விசைகளுக்குப் போகிறது. நிரலை நிறுத்துகிறோம், மீண்டும் ஓட்டுகிறோம். இரண்டாம் முறை ஒழுங்காக ஓடிவிட்டால், "சரியாகிவிட்டது" என்று இடுபணியை அனுப்பியும் விடுகிறோம். உண்மையில் எதுவும் சரியாகவில்லை. தடயம்தான் அழிந்தது.

உறைந்து நிற்கும் நிரல் செத்துப்போன நிரல் அல்ல. எந்த வரியில் நிற்கிறது, எந்த மாறியில் என்ன மதிப்பு இருக்கிறது, எதற்காகக் காத்திருக்கிறது என்பதெல்லாம் அந்த நேரத்தில் நினைவகத்தில் அப்படியே இருக்கும். நிறுத்தியதும் இயங்குதளம் அந்த இடத்தைத் திரும்ப எடுத்துக்கொள்ளும். மூன்று நாளுக்கு ஒரு முறை மட்டும் தலைகாட்டும் பிழையாக இருந்தால், அடுத்த வாய்ப்புக்கு மூன்று நாள் காத்திருக்க வேண்டும். கையும் களவுமாகப் பிடிபட்டவனை நாமே வாசல்வரை கொண்டுபோய் விடுவதைப் போன்றது இது.

டிபக்கர் எனப்படும் பிழைத்திருத்தியை வகுப்பில் பார்த்திருப்பீர்கள். அதற்குள்ளிருந்து நிரலைத் தொடங்கி, ஒவ்வொரு வரியாக நகர்த்திப் பார்ப்பதோடு பாடம் பெரும்பாலும் முடிந்துவிடும். ஏற்கெனவே ஓடிக்கொண்டிருக்கும் நிரலிலும் அதைக் கொண்டுபோய் இணைக்கலாம் என்பது பலருக்குத் தெரிவதில்லை. ஜிடிபி என்ற பிழைத்திருத்தி 1986-இலிருந்து இருக்கிறது. லினக்ஸில் ஓடும் ஒவ்வொரு செயல்முறைக்கும் ஓர் எண் உண்டு. அந்த எண்ணை ஜிடிபியிடம் கொடுத்தால் போதும். அது நிரலை இருந்த இடத்திலேயே நிறுத்திவைத்து, உள்ளே என்ன நடக்கிறது என்று காட்டும். பார்த்து முடித்ததும் விலகிக்கொள்ளலாம். நிரல் விட்ட இடத்திலிருந்து தொடரும்.

ஓர் எடுத்துக்காட்டு. சி++ மொழியில் எழுதிய நிரலில் இரண்டு இழைகள் ஓடுகின்றன. முதல் இழை 'அ' பூட்டைப் பிடித்துக்கொண்டு 'ஆ' பூட்டுக்குக் காத்திருக்கிறது. இரண்டாம் இழை 'ஆ' பூட்டைப் பிடித்துக்கொண்டு 'அ' பூட்டுக்குக் காத்திருக்கிறது. இரண்டும் நகராது. திரையில் எந்தப் பிழைச் செய்தியும் வராது. இதை அச்சிடும் கட்டளைகளைத் தூவிக் கண்டுபிடிப்பது கடினம். அச்சிடுவதற்கு ஆகும் சிறு தாமதமே இழைகள் ஓடும் வேகத்தை மாற்றிப் பிழையை மறைத்துவிடவும் கூடும். ஜிடிபியை இணைத்து, எல்லா இழைகளின் அழைப்பு அடுக்கையும் காட்டச் சொன்னால், இரண்டும் எந்தச் செயற்கூறில் முட்டி நிற்கின்றன என்பது ஒரே திரையில் தெரியும். பிழைதிருத்தத் தகவலையும் சேர்த்துத் தொகுத்திருந்தால் வரி எண்ணும் கிடைக்கும்.

"இது சி++ காரர்களின் கவலை, நாங்கள் பைத்தான்தான் படிக்கிறோம்" என்று இனிச் சொல்ல முடியாது. 2025 அக்டோபரில் வெளிவந்த பைத்தான் 3.14, ஓடும் நிரலில் வெளியிலிருந்து பிழைத்திருத்தியை இணைக்கும் வசதியுடன் வந்தது. முடிவில்லாச் சுழலில் மாட்டிக்கொண்ட நிரலை இப்போது நேரடியாக எட்டிப் பார்க்கலாம்.

ஆனால், எங்கும் எப்போதும் இணைக்கலாம் என்று நான் சொல்லவில்லை. இணைத்ததும் நிரல் நின்றுவிடும். நூறு பேர் பயன்படுத்தும் சர்வரில் அப்படிச் செய்தால் நூறு பேரும் காத்திருக்க வேண்டும். அங்கே ஜிகோர் கட்டளையால் நினைவகத்தின் நகலை எடுத்துவிட்டு, நகலைப் பிறகு ஆராய்வது நல்லது. நகல் எடுக்கும் வரைதான் நிரல் நிற்கும். இன்னொன்று, நினைவகத்தைப் படிக்க முடிந்தால் அதிலுள்ள கடவுச்சொற்களையும் படிக்க முடியும். அதனால்தான் 2010-இல் வந்த உபுண்டு 10.10 முதல், ஒரு நிரல் தான் தொடங்காத வேறு நிரலில் இப்படி இணைவது இயல்பாகவே தடுக்கப்பட்டிருக்கிறது. நிர்வாகி அனுமதி இருந்தால்தான் முடியும். சொந்தக் கணினியில், சொந்த நிரலில் பழகுங்கள். பிறருடையதைத் தொடுவதென்றால் அனுமதி கேளுங்கள்.

வேலைக்குப் போனபின் நம் நிரல் நம் மடிக்கணினியில் மட்டும் ஓடாது. எங்கோ ஒரு சர்வரில் வாரக்கணக்கில் ஓடும். அங்கே "மறுபடி ஓட்டிப் பார்க்கிறேன்" என்பது பதில் ஆகாது. ஏன் நின்றது என்று கேட்பார்கள். அதற்குப் பதில் சொல்லும் பழக்கம் கல்லூரியிலேயே வர வேண்டும். விரிவுரையாளர்கள் வேண்டுமென்றே உறையும் ஒரு நிரலைக் கொடுத்து, "நிறுத்தாமல் காரணம் கண்டுபிடி" என்று ஓர் ஆய்வுக்கூட வகுப்பு நடத்தலாம். ஓடும் நிரலை உருவாக்கியதற்கு மட்டும் மதிப்பெண் கொடுப்பதைவிட, நின்ற நிரலை விளக்கியதற்கும் கொடுப்பது நியாயம்.

அதுவரை மாணவர்கள் காத்திருக்கத் தேவையில்லை. இந்த வார இறுதியில் இருபது வரியில் இரண்டு பூட்டு, இரண்டு இழை வைத்து ஒரு நிரல் எழுதுங்கள். அது உறையட்டும். பிறகு உள்ளே போய்ப் பாருங்கள்.