வெனிஸ் நகரின் விளக்கெரியாத வீடுகள்

"குளிர்காலத்தில் போங்கள்! கூட்டம் இராது, ஓட்டல் வாடகை குறையும், நகரமே உங்களுக்குச் சொந்தம்!" - இத்தாலி நாட்டின் வெனிஸ் நகரத்தைப் பற்றிச் சுற்றுலாக் கம்பெனிகள் இப்படி ஆசை காட்டுகின்றன.

நகரம் யாருக்குச் சொந்தம்? விளம்பரக்காரன் வாயிலிருந்தே வந்துவிட்ட இந்தக் கேள்வியை நாமும் எடுத்துக்கொள்வோம்.

மில் சங்கு ஊதியதும் ஓடுகிறவனுக்கும், நடவு முடித்துச் சேற்றோடு கரையேறுகிறவளுக்கும் வெனிஸோடு என்ன பேச்சு என்று சிலர் கேட்கலாம். பேச்சு உண்டு. மத்தியதரைக் கடலின் ஒரு கிளையான அட்ரியாடிக் கடலின் தலைமாட்டில் உட்கார்ந்திருக்கும் இந்த நகரம், பல நூற்றாண்டுகள் மிளகு வியாபாரத்தில் கொழுத்த நகரம். மலையாளக் கரையில் நம்மவர்கள் பறித்துக் காயவைத்த மிளகு, அரபு நாடுகள் வழியாக அங்கே போய்ப் பொன்னாக மாறியது. அந்த ஊர்க்காரன் மார்க்கோ போலோ 13ம் நூற்றாண்டில் நம் காயல் துறைக்கே வந்தான். உயிரைப் பணயம் வைத்து முத்துக்குளிக்கும் ஜனங்களைப் பற்றியும் எழுதி வைத்தான். ஆகவே அந்த மாளிகைகளைப் பற்றிக் கேள்வி கேட்க நமக்கும் கொஞ்சம் உரிமை இருக்கிறது.

ஒரு நவம்பர் மாத விடியலில் அங்கே போய் இறங்குவதாக வைத்துக்கொள்வோம். கரையிலிருந்து தீவு நகரத்துக்கு ரயில் பாலம் இருக்கிறது. 1846ல் திறந்தது, சுமார் மூன்றரைக் கிலோமீட்டர் நீளம். மூடுபனியில் தண்ணீர் எது, வானம் எது என்று தெரியாது. வலப்புறம் பனியைக் கிழித்துக்கொண்டு புகைபோக்கிகள் நிற்கும். அதுதான் மார்கேரா தொழிற்பேட்டை. சுற்றுலாப் படங்களில் அது இடம்பெறுவதில்லை. நாம் அதை மனதில் வைத்துக்கொண்டு மேலே செல்வோம்.

அந்த நேரத்து ரயிலிலும் பஸ்ஸிலும் நம்மோடு வருகிறவர்கள் யார்? ஓட்டல் அறைகளில் படுக்கை மாற்றும் பெண்கள், சமையல்காரர்கள், பாத்திரம் கழுவுகிறவர்கள், கடைச் சிப்பந்திகள். கரையிலுள்ள மெஸ்த்ரேயில் குடியிருந்துகொண்டு தீவில் வேலை செய்கிறவர்கள். அவர்கள் ஏன் தீவிலேயே குடியிருக்கவில்லை என்பதுதான் விஷயம்.

முதலில் இந்த நகரத்தைக் கட்டியது யார் என்று பார்ப்போம். 118 தீவுத் திட்டுகள் சேர்ந்த ஊர் இது. தெருவுக்குப் பதிலாக வாய்க்கால், வண்டிக்குப் பதிலாகப் படகு. அடியில் இருப்பது சேறும் களிமண்ணும். அதில் லட்சோபலட்சம் மரக்கட்டைகளை நெருக்கி நெருக்கி அறைந்து, மேலே கல் பரப்பிக் கட்டடம் எழுப்பினார்கள். சாந்தா மரியா தெல்லா சலூத்தே என்ற ஒரே ஒரு மாதா கோயிலுக்கு மட்டும் அடியில் பத்து லட்சத்துக்கு மேற்பட்ட கட்டைகள் என்று சொல்கிறார்கள். காற்றுப் புகாத சேற்றுக்குள் மரம் எளிதில் மக்குவதில்லை. பல நூறு வருஷமாகத் தாங்குகிறது. மலையில் மரம் வெட்டியவனும், ஆற்றில் மிதக்கவிட்டுக் கொண்டுவந்தவனும், கனத்த சம்மட்டியைப் பாட்டுப் பாடித் தூக்கிப் போட்டுக் கட்டையை இறக்கியவனும் கூலிக்காரன்தான். மாளிகை வாசலில் பிரபுவின் பெயர் இருக்கிறது. சேற்றுக்குள் இருப்பது உழைப்பாளியின் வேலை.

அங்கே அர்சனாலே என்ற சர்க்கார் கப்பல்தளம் 12ம் நூற்றாண்டில் தோன்றியது. ஆயிரக்கணக்கான தச்சர்களும் கயிறு திரிப்பவர்களும் துடுப்பு செய்பவர்களும் மதிலுக்குள் ஒரே கூரை வேலையாட்களைப்போல் உழைத்தார்கள். வேலை தொடங்கவும் முடியவும் சான் மார்க்கோ மணிக்கூண்டில் ஒரு மணி அடிப்பார்கள். அதன் பெயர் மரங்கோனா, அதாவது தச்சர் மணி. 1902ல் அந்தக் கோபுரமே இடிந்து விழுந்தபோது மற்ற நான்கு மணிகளும் உடைந்தன. தச்சர் மணி மட்டும் உடையாமல் தப்பியது. இன்றும் ஒலிக்கிறது. பிரயாணிகள் அதை அழகான ஓசை என்று கேட்டுப்போகிறார்கள். மில் சங்குக்கு எழுந்து பழகிய நம் காதுக்கு அதன் அர்த்தம் வேறு.

குளிர்காலக் காலை நேரத்தில் இந்தத் தச்சர்களின் வாரிசுகளை இன்னும் பார்க்கலாம். மோட்டார் வண்டி நுழையாத ஊர் ஆனபடியால், துப்புரவுத் தொழிலாளர்கள் வீடு வீடாகக் குப்பையை வாங்கிக் கைவண்டியில் தள்ளிக்கொண்டு போய்ப் படகில் ஏற்றுகிறார்கள். அரிசி மூட்டையானாலும் பீர் பெட்டியானாலும் படகில் வந்து, பிறகு பாலத்துப் படிகளில் ஆள் பலத்தால் ஏறியாக வேண்டும். கோடையில் கூட்டத்தின் நடுவே இவர்கள் கண்ணுக்குத் தெரிவதில்லை. குளிர்காலத்தில்தான் தெரிகிறார்கள்.

குளிர்காலம் வெள்ளத்தின் காலமும்கூட. கடல் ஏறும் என்றால் சங்கு ஊதி ஊருக்கு எச்சரிக்கிறார்கள். 1966 நவம்பர் 4ந் தேதி தண்ணீர் வழக்கமான அளவுக்கு மேல் 194 சென்டிமீட்டர் ஏறியது. தரைத்தள வீடுகளில் இருந்த ஏழைக் குடும்பங்களில் பலர் அதோடு ஊரை விட்டார்கள். 2019 நவம்பர் 12ந் தேதி மறுபடி 187 சென்டிமீட்டர். கடல் வாயில் 78 இரும்புக் கதவுகள் வைத்துத் தடுக்கும் மோசே என்ற திட்டத்தை 2003ல் தொடங்கினார்கள். முதல் தடவையாக உண்மையான வெள்ளத்தைத் தடுத்தது 2020 அக்டோபர் 3ந் தேதி. இடையில் 2014ல் லஞ்ச ஊழல் வெடித்து 35 பேர் கைதானார்கள். 500 கோடி யூரோவுக்கு மேல் செலவு. வெள்ளத்திலும் வருமானம் பார்க்கிறவர்கள் எந்தத் தேசத்திலும் இருக்கிறார்கள்.

இனி மாலைக்கு வருவோம். ஐந்து மணிக்கே இருட்டிவிடுகிறது. சுற்றுலாக் கம்பெனி "ஆகா, என்ன அமைதி!" என்று வர்ணிக்கும் நேரம் இதுதான். நிமிர்ந்து மாடி ஜன்னல்களைப் பாருங்கள். தெருத்தெருவாக விளக்கெரியாத வீடுகள்! 1951ல் இந்தத் தீவு நகரத்தில் ஏறத்தாழ ஒரு லட்சத்து 75 ஆயிரம் பேர் குடியிருந்தார்கள். 2022 ஆகஸ்டில் அந்த எண்ணிக்கை 50 ஆயிரத்துக்கும் கீழே இறங்கியது. ஒரு மருந்துக்கடைக்காரர் தம் கண்ணாடி ஜன்னலில் எஞ்சியுள்ள ஜனத்தொகையை மின்விளக்கு எழுத்தில் போட்டு வைத்தார். நோயாளியின் நாடிபோல் அது குறைந்துகொண்டே வந்தது. 2023 செப்டம்பரில், பிரயாணிகளுக்கான படுக்கைகள் குடியிருக்கும் மனிதர்களின் எண்ணிக்கையைத் தாண்டிவிட்டதாக ஊர்க்காரர்களின் அமைப்பு கணக்குக் காட்டியது. மனிதனைவிடப் படுக்கை அதிகமான ஊர்!

இது எப்படி நேர்ந்தது? வெள்ளம் மட்டும் காரணமில்லை. ஒரு தொழிலாளி குடும்பத்துக்கு மாத வாடகைக்கு விடுவதைவிட, பிரயாணிக்கு நாள் வாடகைக்கு விட்டால் வீட்டுக்காரனுக்குப் பல மடங்கு கிடைக்கிறது. ஆகவே வாடகை ஏறுகிறது. குடும்பம் பாலம் கடக்கிறது. குடும்பம் போனால் பள்ளிக்கூடத்தில் பிள்ளை குறைகிறது. ரொட்டிக் கடை இருந்த இடத்தில் முகமூடி பொம்மை விற்கும் கடை வருகிறது. யாரும் தடியெடுத்து அடிக்கவில்லை. வாடகைச் சீட்டு ஒன்றே போதுமானதாக இருக்கிறது.

"சுற்றுலாவினால் ஆயிரக்கணக்கானோர் பிழைக்கிறார்களே, அதைக் கெடுக்கலாமா?" என்று கேட்பார்கள். பிழைக்கிறார்கள் என்பது மெய். ஆனால் எப்படி? சீசனில் இடுப்பொடிய வேலை. கூட்டம் குறைந்தால் ஆள்குறைப்பு. நடவுக்கும் அறுப்புக்கும் இடையே சும்மா கிடக்கும் மாதங்களை அறிந்த விவசாயத் தொழிலாளிக்கு இதை விளக்க வேண்டியதில்லை. எந்த ஊரைத் துடைத்து மெழுகி வைக்கிறாளோ, அந்த ஊரிலேயே அவளுக்கு ஓர் அறை கிடையாது.

பாலத்தைத் தாண்டி அவள் திரும்பும் கரையில்தான் மார்கேரா இருக்கிறது. 1917ல் உருவான அந்தத் தொழிற்பேட்டையில் 1960களில் 30 ஆயிரத்துக்கு மேற்பட்டவர்கள் வேலை செய்தார்கள். பிளாஸ்டிக் தயாரிக்க உதவும் வினைல் குளோரைடு என்ற விஷவாயு அங்கே தொழிலாளர்களின் ஈரலைத் தின்றது. கப்ரியேலே போர்த்தொலோட்ஸோ என்ற தொழிலாளி, செத்துப்போன சக தொழிலாளிகளின் கணக்கைத் தாமே ஒவ்வொன்றாகச் சேகரித்து 1994ல் சர்க்கார் வக்கீலிடம் கொண்டுபோனார். 157 தொழிலாளர்களின் சாவு வழக்கில் வந்தது. 2001ல் கீழ்க்கோர்ட்டு நிர்வாகிகள் அனைவரையும் விடுதலை செய்தது. 2004ல் மேல்கோர்ட்டு ஐந்து பேருக்குத் தண்டனை விதித்தது - அதுவும் ஒரே ஒரு தொழிலாளியின் சாவுக்காக, ஒன்றரை வருஷம்! மற்றவற்றுக்குக் காலம் கடந்துவிட்டதாம். இன்று அதே கரையிலுள்ள தளத்தில் உல்லாசக் கப்பல்கள் கட்டப்படுகின்றன. அந்தக் காண்டிராக்ட் வேலையில் வங்காளதேசத்திலிருந்து கடல் கடந்து போனவர்கள் ஏராளம். மாளிகையைக் காட்டும் வழிகாட்டிகள் இந்தக் கரையையும் காட்டவேண்டும் என்கிறோம்.

நகராட்சி செய்த பரிகாரம் என்ன? 2024ல் 29 நாட்களுக்கு, பகலில் வந்துபோகிறவர்களிடம் 5 யூரோ நுழைவுக் கட்டணம் வாங்கியது. நம் பணத்தில் நானூறு ஐநூறு ரூபாய். 2025ல் அதை 54 நாட்களாக்கி, கடைசி நேரத்தில் பதிவு செய்கிறவர்களுக்கு 10 யூரோ என்றது. குளிர்காலத்தில் கட்டணம் கிடையாது. கட்டணத்தால் ஒரு வீட்டிலாவது விளக்கு எரிந்ததா? ஊரைக் கண்காட்சிக் கொட்டகை என்று ஒப்புக்கொண்டு டிக்கெட் கிழிப்பதாகத்தான் இது முடிகிறது. 2022ல் இத்தாலிய நாடாளுமன்றம், நாள் வாடகை வீடுகளுக்கு வரம்பு கட்டும் அதிகாரத்தை வெனிஸ் நகராட்சிக்குக் கொடுத்தது. மருந்து கையில் இருக்கிறது. நோயாளிக்குக் கொடுக்கத்தான் மனம் வேண்டும்.

ஊர் பார்ப்பது குற்றம் என்று நாம் சொல்லவில்லை. உலகத்தின் அழகெல்லாம் உழைப்பாளியின் கைவண்ணம். அதைக் காணும் உரிமையும் ஓய்வும் அவனுக்கும் வேண்டும். போகிறவர்கள் நவம்பர் 21ந் தேதி போகட்டும். 1630ல் வந்த கொள்ளைநோய் நகரத்தில் ஏறத்தாழ மூன்றில் ஒருவரைக் கொண்டுபோயிற்று. அந்த நோய் ஓய்ந்த நினைவாகத்தான் மேலே சொன்ன சலூத்தே கோயில் கட்டப்பட்டது. ஆண்டுதோறும் அந்த நாளில் பெரிய வாய்க்காலின் குறுக்கே தற்காலிகப் பாலம் போடுகிறார்கள். ஜனங்கள் மெழுகுவத்தியோடு நடந்து போகிறார்கள். உப்புக்கண்ட ஆட்டிறைச்சியும் கோசும் சேர்த்துச் சமைப்பது அன்றைய வழக்கம். சாமி கும்பிடுவது அவரவர் நம்பிக்கை. நாம் பார்ப்பது அந்தக் கூட்டத்தை. பாலத்துக்கு அப்பால் துரத்தப்பட்டவர்களும் அன்று பிள்ளைகுட்டிகளோடு தங்கள் ஊருக்குத் திரும்பி வருகிறார்கள். நகரம் அன்றைக்கு உயிரோடு இருக்கிறது.

மறுநாள் அவர்கள் அதே ஊருக்கு வேலையாட்களாக வருகிறார்கள். மாலையில் ரயிலேறிப் போய்விடுகிறார்கள். ஜன்னல்கள் மறுபடி இருள்கின்றன.

குடியிருக்கிறவனுக்கு முதலில் வீடு, மிச்சம் இருந்தால் பிரயாணிக்கு அறை. சீசன் தொழிலாளிக்குக் குளிர்காலத்திலும் கூலி. அந்த ஊர் ஜனங்கள் கேட்பது இவ்வளவுதான். கட்டையடித்துச் சேற்றில் ஊரை நிறுத்தியவர்களின் சந்ததி அந்த ஊரிலேயே விளக்கேற்றி வாழ வேண்டும் என்பதில் நியாயம் தவிர வேறென்ன இருக்கிறது?