திறப்பை வாங்குமுன் வீட்டைப் பாருங்கள்

லயன் காம்பராவில் தலைமுறைகளைக் கழித்த எமது மக்களுக்கு 7 பேர்ச்சஸ் காணியில் தனிவீடு பெரும் பேறு. 2017 மே மாதம் நோர்வூட்டுக்கு வந்த இந்தியப் பிரதமர் மேலும் 10,000 வீடுகளை அறிவித்தார். எண்ணிக்கையோடு தரத்தையும் நாம் கேட்க வேண்டும். 2014 ஒக்டோபர் 29இல் மீரியபெத்தையில் லயன்களை மண் மூடியதை மறக்கலாகாது.

மண்சரிவு அபாயத்தைத் தேசிய கட்டிட ஆராய்ச்சி நிறுவனம் ஆராய்கிறது. ஆனால் கட்டிய வேலைக்குக் கட்டியவரே சான்று தருவது போதாது. அவருக்கோ தோட்ட நிர்வாகத்துக்கோ கடமைப்படாத தொழில்நுட்ப அலுவலர் ஒருவர், அத்திவாரத்தை மண் போட்டு மூடுமுன் ஒருமுறையும், திறப்பைக் கையளிக்குமுன் ஒருமுறையும் குடும்பத்தினர் முன்னிலையில் பார்க்கட்டும். பின்புற மண் அணை, வடிகான், கூரை, மலசலகூடக் குழி யாவற்றையும் சோதித்து, குறைகளையும் திருத்தும் திகதியையும் தமிழில் எழுதிக் கொடுக்கட்டும்.

இலவச வீட்டில் குறை சொல்லலாமா என்று சிலர் தயங்குகிறார்கள். தோட்டக் கமிட்டியும் மாதர் சங்கமும் சேர்ந்து கேட்டால் அந்தத் தயக்கம் நீங்கும்.