கைகூப்பிய கூரைகள்



சென்ற ஜனவரியில் நாங்கள் இருவரும் ஜப்பான் சென்று, அந்நாட்டு மலைக் கிராமங்களினூடே ஐந்து நாள் மோட்டார்ப் பிரயாணம் செய்து திரும்பினோம். “டில்லிக் குளிர் போதாதென்றா பனியைத் தேடிப் போகிறீர்கள்?” என்று சங்கத்து நண்பர்கள் நகைத்தனர். நகைப்புக்கு விடை சொல்லும் மனநிலையில் நாங்கள் இல்லை. புறப்படுவதற்கு முதல் வாரம் ஊரிலிருந்து ஒரு கடிதம் வந்திருந்தது. பல ஆண்டுகளாகப் பூட்டிக் கிடக்கும் எங்கள் பூர்வீக வீட்டை ஒருவர் விலைக்குக் கேட்கிறார். சம்மதமாயின் எழுதுக என்பது அதன் சாரம். எங்களுள் ஒருவர் விற்றுவிடலாம் என்றார். மற்றவர் கூடவே கூடாது என்றார். விடை எழுதாமலே விமானம் ஏறினோம்.

நகோயா நகரில் வாடகை வண்டி எடுத்தோம். நம் நாட்டைப் போலவே அங்கும் சாலையின் இடப்பக்கமே செல்லவேண்டும். ஆகையால் சர்வதேச ஓட்டுநர் அனுமதிச் சீட்டு உடையவர்க்குப் பெருஞ்சிரமம் இல்லை. ஆனால் பனிக்காலத்துக்கென்றே செய்த டயர்கள் பூட்டப்பட்டுள்ளனவா என்பதை முதலில் கேட்டறிந்துகொள்ள வேண்டும். வடக்கே தகயாமாவைக் கடந்ததும் வயலும் வரப்பும் வேலியும் ஒரே வெண்மையில் மறைந்தன. சாலையின் விளிம்பு எதுவென்று காட்ட, உயர்ந்த கம்பங்களிலிருந்து சிவப்பும் வெள்ளையுமான அம்புக்குறிகள் கீழ்நோக்கித் தொங்குகின்றன. அவற்றை நம்பியே மெல்ல மெல்லச் சென்றோம். இருவரும் அதிகம் பேசிக்கொள்ளவில்லை.

ஷோகாவாவுக்கு அப்பால் மிபோரோ நீர்த்தேக்கம் வந்தது. 1961இல் முற்றுப்பெற்ற அணை அது. மின்சாரத்திற்காகக் கட்டப்பட்ட அந்த அணையின் நீருக்கடியில் சில கிராமங்கள் இருக்கின்றன. மூழ்கவிருந்த இரு பௌத்தக் கோயில்களின் முற்றங்களில் நானூறு ஆண்டுகளுக்கு மேற்பட்ட இரண்டு செர்ரி மரங்கள் நின்றன. அணை கட்டிய மின்சக்தி நிறுவனத்தின் முதல் தலைவர் தகாசாகி தத்சுனோசுகே அவற்றைக் காக்க விரும்பினார். 1960இல் அவற்றை வேரோடு பெயர்த்து மேட்டு நிலத்தில் நட்டார்கள். அத்துணை முதிய மரங்கள் பிழைக்குமா என்று ஐயுற்றவர் பலர். அவை பிழைத்தன, பூத்தன, இன்றும் நிற்கின்றன. இலையுதிர்ந்து பனி சுமந்து நின்ற அவற்றின் எதிரே வண்டியை நிறுத்தி நெடுநேரம் பார்த்திருந்தோம். “பெயர்த்து நட்டாலும் பிழைக்கலாம்” என்றார் எங்களுள் ஒருவர். “நட்டவர்கள் உடனிருந்து பேணினார்கள்” என்றார் மற்றவர்.

மாலையில் ஷிரகாவா-கோவின் ஒகிமாச்சிக் கிராமத்தை அடைந்தோம். வணங்கும் கைகளைப் போல் இருபுறமும் செங்குத்தாய்ச் சரிந்த புற்கூரைகள். ஆதலின் ‘கைகூப்பிய’ வீடுகள் என்றே அந்நாட்டார் அவற்றை வழங்குகின்றனர். பனி தங்காமல் சரியவே அந்தச் சரிவு. கூரைச் சட்டங்களை ஆணியின்றிக் கயிற்றாலும் முறுக்கிய இளங்கொம்புகளாலும் கட்டியிருக்கிறார்கள். கூரையின் கீழுள்ள அகன்ற பரண்களில் முற்காலத்தில் பட்டுப்புழு வளர்த்தார்கள். முப்பது நாற்பது ஆண்டுகளுக்கு ஒருமுறை கூரை மாற்றவேண்டும். அன்று ஊரார் நூறு, இருநூறு பேராகக் கூரையேறுவர். இன்று உனக்கு, நாளை எனக்கு என்னும் அந்த உழைப்புக் கடனுக்கு ‘யுயி’ என்று பெயர். 1971இல் அவ்வூரார் கூடி, வீடுகளை விற்பதில்லை, வாடகைக்கு விடுவதில்லை, இடிப்பதில்லை என்று உறுதி பூண்டனர். 1995இல் இக்கிராமம் உலகப் பாரம்பரியச் சின்னமாயிற்று.

இதைக் கேட்டதும் எங்களுள் ஒருவர் முகத்தில் வெற்றிப் புன்னகை அரும்பியது. ஆனால் அன்றிரவு அப்புன்னகை நீடிக்கவில்லை.

நாங்கள் தங்கிய வீட்டின் மூதாட்டி, நடுக்கூடத்துக் குழியடுப்பில் விறகை இட்டபடி, கைப்பேசியின் மொழிபெயர்ப்பு வழியே எங்களுடன் உரையாடினார். இந்தப் புகைதான் கூரையைப் பூச்சி அரிக்காமலும் ஈரம் பிடிக்காமலும் காக்கிறது என்றார். பிறகு, “உங்கள் ஊர் வீட்டில் யார் இருக்கிறார்கள்?” என்று வினவினார். யாரும் இல்லை என்றோம். அவர் சற்றே திகைத்து, “அப்படியானால் அங்கே அடுப்பு எரிவதில்லையா?” என்றார்.

இருவரிடமும் அதற்கு விடையில்லை.

திரும்பும் வழியில், வாசற்பனியில் ஒரு காலடித் தடமும் இல்லாத வீடுகளே எங்கள் கண்ணில் பட்டன. 2023ஆம் ஆண்டின் கணக்கெடுப்பின்படி ஜப்பானில் ஏறத்தாழ 90 லட்சம் வீடுகள் ஆளின்றி இருந்தன. நூற்றுக்குப் பதினான்கு எனலாம். அவற்றுள், விற்க மனமின்றிப் பூட்டிச் சென்றவர்களின் வீடுகளும் இருக்கக்கூடும். விற்பதில்லை என்ற சொல் மட்டும் ஒரு கூரையைத் தாங்காது. ஒகிமாச்சியில் அச்சொல்லுக்குப் பின்னே கூரையேறும் கைகள் இருக்கின்றன. எங்கள் வீட்டுக்குப் பின்னே இருந்தது ஒரு பூட்டு மட்டுமே.

டில்லி திரும்பியதும் இருவரும் சேர்ந்தே விடை எழுதினோம். வீட்டை இப்போது விற்கவில்லை. ஒழுகும் ஓடுகளை மாற்றப் பணம் அனுப்புகிறோம். குடியிருக்க நல்ல குடும்பம் ஒன்று தேடித் தருக. இரண்டாண்டுக்குள் அமையாவிடில் விற்றுவிடுவது என்பது எங்களுள் ஒருவர் விதித்த நிபந்தனை. மற்றவர் வருத்தத்தோடு அதற்கு உடன்பட்டார்.

கடிதத்தின் இறுதியில் ஒரு வரி சேர்த்தோம்: வாடகை எவ்வளவு என்பது பெரிதன்று, நாள்தோறும் அடுப்பு எரிந்தால் போதும்.