பெயர்ப்பலகையும் பயிற்சியும்

குழந்தைகளின் மனநலத்துக்கென இந்தியாவில் அமைந்த முதல் வழிகாட்டு மையம் 1937-இல் பம்பாயில் தொடங்கப்பட்டது. அதைத் தொடங்கிய சர் தோராப்ஜி டாட்டா சமூகப்பணிப் பள்ளி பின்னாளில் டாட்டா சமூக அறிவியல் நிறுவனமாக வளர்ந்து, 1954 முதல் அந்நகரின் தேவ்நாரில் இயங்கிவருகிறது. இத்தனை நீண்ட மரபுடைய இந்நகரில்கூட, ஒருவர் தம் பெயருக்குப் பின்னால் உளவியலாளர் என்று எழுதிக்கொள்ள என்ன படித்திருக்க வேண்டும் என்பதை உறுதிசெய்யும் முழுமையான ஏற்பாடு இன்னும் நடைமுறைக்கு வரவில்லை. ஆகவே, உதவி நாடுவோர் சிகிச்சையளிப்பவரின் பட்டத்தையும் பயிற்சியையும் வெளிப்படையாகக் கேட்டறிவது மரியாதைக் குறைவாகாது. இன்றைய நிலையில் அதுவே அவர்களுக்கு இருக்கும் முதல் பாதுகாப்பு.

இத்துறையில் பணியாற்றுவோரை மூன்று வகையாகப் பிரித்துக் காணலாம். மனநல மருத்துவர் என்பவர் எம்.பி.பி.எஸ். முடித்து, மனநல மருத்துவத்தில் மேற்பட்டமோ பட்டயமோ பெற்றவர். மருந்து எழுதித் தரும் அதிகாரம் உடையவர். மருத்துவ உளவியலாளர் என்பவர் உளவியலில் பட்டம் பெற்றபின், மனநோய்களைக் கண்டறியும் சோதனைகளிலும் உளச்சிகிச்சையிலும் தனிப் பயிற்சி பெற்றவர். இவர் மருந்து தருவதில்லை. 2017-ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம், இந்திய மறுவாழ்வுக் கவுன்சில் அங்கீகரித்த படிப்பை முடித்தவரையே மருத்துவ உளவியலாளராக ஏற்கிறது. அக்கவுன்சிலின் 1992-ஆம் ஆண்டுச் சட்டம், பதிவு பெறாமல் இத்தொழிலை நடத்துவோருக்கு ஓராண்டு வரை சிறையோ, ஆயிரம் ரூபாய் வரை அபராதமோ, இரண்டுமோ விதிக்க இடமளிக்கிறது. மூன்றாம் வகையினர் மனநல ஆலோசகர்களும் பொதுவாக உளவியலாளர் என்று அழைக்கப்படுவோரும் ஆவர். ஈராண்டு முதுகலை படித்துக் களப்பயிற்சி பெற்றவரும், சில வாரச் சான்றிதழ் வகுப்பை மட்டும் முடித்தவரும் இங்கே ஒரே பெயரில் வழங்குவதுதான் சிக்கலின் வேர்.

பட்டத்தின் பெயரைக் காட்டிலும், யாருடைய மேற்பார்வையில் அவர் பயின்றார் என்பதே இங்கு முதன்மையானது. மேற்பார்வைப் பயிற்சி என்பது, பயிலுநர் ஒருவர் நோயாளியிடமும் குடும்பத்தாரிடமும் பேசி நோய் வரலாற்றை எழுதி, தேவையான சோதனைகளை நடத்தி, தாம் எட்டிய முடிவை அனுபவமுள்ள ஆசிரியர் முன் வைத்து, அவர் கேள்விகளுக்கு விடையளித்துத் திருத்திக்கொள்ளும் முறையாகும். மனச்சோர்வா, தைராய்டுக் குறைபாட்டால் வந்த சோர்வா என்று ஐயுறவும், தற்கொலை எண்ணத்தைத் தயங்காமல் கேட்கவும், தம்மால் இயலாததை உணர்ந்து வேறொருவரிடம் அனுப்பவும் இத்தகைய பயிற்சியே கற்றுத் தருகிறது; நூலறிவு மட்டும் அதைத் தந்துவிடாது.

மருத்துவ உளவியலாளர் அல்லாதோர் அனைவரும் தகுதி குறைந்தவர் என்று இதற்குப் பொருள் கொள்ளலாகாது. களப்பயிற்சியோடு கூடிய பயன்பாட்டு உளவியல் முதுகலைப் படிப்பைத் தேவ்நாரின் டாட்டா நிறுவனம் நடத்துகிறது. 2012 முதல் ஐகால் என்னும் தொலைபேசி ஆலோசனைச் சேவையையும் அங்கிருந்தே நடத்திவருகிறது. இழப்பின் துயரம், மணவாழ்க்கைப் பிணக்கு, தேர்வு அச்சம், வேலையிட நெருக்கடி ஆகியவற்றுக்கு நன்கு பயின்ற ஆலோசகரே பெரும்பாலும் போதுமானவர். ஆனால் இல்லாத குரல்கள் கேட்பது, உண்ணாமல் உறங்காமல் நாட்கள் கழிவது, உயிரை மாய்த்துக்கொள்ளும் எண்ணம் வருவது போன்ற நிலைகளில் மனநல மருத்துவரையே முதலில் நாட வேண்டும். எந்தத் துன்பத்துக்கு எவரிடம் செல்வது என்ற தெளிவு இல்லாத குடும்பம் பொருளையும் காலத்தையும் சேர்த்து இழக்கிறது.

இவ்வேறுபாடு குழந்தைகள் விஷயத்தில் கண்கூடாகத் தெரியும். படிப்பில் பின்தங்கும் சிறுவனைக் கட்டைகளை அடுக்கச் சொல்லியும், எண்களைத் தலைகீழாகச் சொல்லக் கேட்டும் நடத்தப்படும் அறிவுத்திறன் சோதனை, பார்ப்பதற்கு விளையாட்டுப் போலத் தோன்றினாலும், பயிற்சியற்றவர் நடத்தினால் தாய்மொழி வேறுபாட்டையோ பசியையோ அறிவுக்குறைவாகப் பதிவு செய்துவிடக்கூடும். மகாராஷ்டிரத்தில் கற்றல் குறைபாடுள்ள மாணவர் பொதுத்தேர்வுச் சலுகை பெற, சயான் மருத்துவமனை போன்ற அங்கீகாரம் பெற்ற அரசு, மாநகராட்சி மருத்துவமனைகளின் சான்றிதழ் தேவைப்படுகிறது. அதை அறியாமல் தாராவியின் ஒரு பெற்றோர் தனியாரிடம் ஆயிரக்கணக்கில் செலவழித்துப் பெறும் அறிக்கை, பள்ளியில் செல்லாமல் போக வாய்ப்புண்டு.

பிற நாடுகள் இச்சிக்கலைப் பெயருரிமை வழியே அணுகின. ஆஸ்திரேலியாவில் 2010 முதல் நாடு தழுவிய பதிவு இல்லாமல் எவரும் உளவியலாளர் என்று கூறிக்கொள்ள இயலாது. பிரிட்டனில் 2009 முதல் மருத்துவ உளவியலாளர் உள்ளிட்ட சில பெயர்கள் மட்டும் காக்கப்படுகின்றன. இந்தியாவில் 2021-ஆம் ஆண்டின் துணைநிலை மருத்துவத் தொழில்களுக்கான தேசிய ஆணையச் சட்டம் பொது உளவியலாளரையும் தன் வரம்புக்குள் கொண்டுவந்துள்ளது. அதன் தொடர்ச்சியாக 2025-இல் பல்கலைக்கழக மானியக் குழு தொலைநிலைக் கல்வியில் உளவியல் படிப்புகளுக்குத் தடை விதித்தது. மறுபுறம், மருத்துவ உளவியலின் முதன்மைப் பட்டமாக விளங்கிய எம்.பில். படிப்பு 2022-ஆம் ஆண்டு விதிகளால் கைவிடப்பட்டு, இத்துறைக்கு விதிவிலக்காக 2025-26 வரை கால நீட்டிப்புப் பெற்றது. 2021-ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி அமைய வேண்டிய மாநில மன்றங்களும் பதிவேடும் முழுமையாக இயங்கத் தொடங்கும் வரை, இம்மாற்றங்களின் குழப்பம் நோயுற்றவரின் தலையிலேயே விழும்.

எனவே முதல் சந்திப்பிலேயே சில கேள்விகளைக் கேட்டுத் தெளிவது நன்று: எங்கே படித்தார், மேற்பார்வைப் பயிற்சியை எம்மருத்துவமனையில் பெற்றார், இதே வகைத் துன்பத்தை முன்பு கையாண்டிருக்கிறாரா, கட்டணம் எவ்வளவு, தமிழில் பேச இயலுமா என்பவை அவை. மருத்துவ உளவியலாளர் எனில் அவரது பதிவு எண்ணைக் கேட்டு, மறுவாழ்வுக் கவுன்சிலின் மையப் பதிவேட்டில் சரிபார்க்கலாம். பதிவு என்பது பயிற்சிக்குத்தான் சான்று, பண்புக்கு அன்று. ஆகையால், முழுக் குணம் உறுதி என்று வாக்களிப்பவரையும், மருத்துவரைக் கலக்காமல் மருந்தை நிறுத்தச் சொல்பவரையும், பிறருடைய அந்தரங்கத்தை எடுத்துக்காட்டாகப் பேசுபவரையும் தவிர்ப்பதே அறிவுடைமை. 2017-ஆம் ஆண்டுச் சட்டம் ரகசியக் காப்பை நோயாளியின் உரிமையாகவே வரையறுத்துள்ளது.

2015-16-இல் நடந்த தேசிய மனநல ஆய்வு, மனநலக் குறைபாடு உடையோரில் நோய்க்கேற்ப 70 முதல் 92 விழுக்காட்டினர் சிகிச்சையே பெறவில்லை என்று கண்டது. உதவியே அரிதாக உள்ள நாட்டில் தகுதியைக் கேட்பது ஆடம்பரம் என்று வாதிடுவோர் உண்டு. ஆனால் தவறான கையில் சிக்கி நம்பிக்கை இழந்தவர் மறுபடியும் உதவி நாடத் தயங்குவார் என்பதால், அவ்வாதம் இந்தச் சிகிச்சை இடைவெளியைக் குறைப்பதற்கு மாறாகப் பெருக்கவே செய்யும். 14416 என்ற எண்ணில் கிடைக்கும் அரசின் டெலிமானஸ் தொலைபேசி மனநலச் சேவையைத் தமிழிலும் பெறலாம். எவரிடம் செல்வது என்று அறியாதோர் அங்கிருந்து தொடங்கலாம். எல்லா வகை உளவியலாளரையும் உள்ளடக்கிய, எவரும் தம் மொழியில் தேடிப் பார்க்கத்தக்க ஒரே பதிவேட்டை விரைந்து அமைப்பது ஒன்றிய, மாநில அரசுகளின் நீங்காக் கடமையாகும்.