சிவப்பு எரிந்தும் வண்டி நிற்காதபோது

சென்ற மாதம் என் பேரனின் பள்ளி டைரியில் ஆசிரியை எழுதி அனுப்பியிருந்தார்: பாடத்தில் கவனமில்லை, உடம்பைக் குறைக்கச் சொல்லவும் என்று. பையனுக்கு வயது 11, எடை 58 கிலோ. வீட்டில் மட்டும் என்ன வாழ்ந்தது? "சோத்து மூட்டைக்குப் படிப்பு எங்கே ஏறும்?" என்று நானே ஒருநாள் சொல்லியிருக்கிறேன். பிள்ளை தட்டை நகர்த்திவிட்டு எழுந்து போய்விட்டான்.

நம் குடும்பங்களில் இது ஒரு விந்தை. ஐந்து வயது வரை கொழுகொழுவென்று இருப்பதாகக் கொஞ்சுவோம். ஊரிலிருந்து வரும் பாட்டி இன்னொரு தோசையை வைப்பாள். பத்து வயதானதும் அதே உடம்பைக் காட்டி மந்தம், சோம்பேறி என்போம்.

நான் டாக்டரல்ல, ரயில்வே சிக்னல் பிரிவில் வேலை பார்த்த டிப்ளமோக்காரன். ஆனால் படித்துப் பார்த்தால் விஷயம் என் தொழிலுக்கு மிகவும் பக்கத்தில் இருக்கிறது. 1994-இல் அமெரிக்காவில் ஜெஃப்ரி ஃபிரீட்மன் குழுவினர் லெப்டின் என்ற ஹார்மோனுக்கான மரபணுவைக் கண்டுபிடித்தார்கள். உடம்பின் கொழுப்புதான் இந்த லெப்டினைச் சுரக்கிறது. "கையிருப்பு போதும்" என்று மூளைக்குச் செய்தி அனுப்புவது அதன் வேலை. 1999-இல் ஜப்பானியர்கள் கண்டறிந்த கிரெலின் இதற்கு நேர் எதிர். இரைப்பையில் சுரந்து, சாப்பாட்டு வேளை நெருங்கும்போது ஏறி, "பசி" என்று மணியடிக்கும். நினைவாற்றலுக்கான மூளைப் பகுதியிலும் இந்த இரண்டையும் வாங்கிக்கொள்ளும் இடங்கள் உண்டு.

பருத்த உடம்பில் லெப்டின் குறைவாக இருக்கும் என்றுதான் நான் நினைத்திருந்தேன். உண்மையில் அதிகமாகவே இருக்கிறது. மூளைதான் அதற்குச் சரியாகச் செவிசாய்ப்பதில்லை. சிவப்பு விளக்கு எரிகிறது, வண்டி நிற்கவில்லை. சிவப்பைத் தாண்டிய வண்டி பற்றிய விசாரணையில், சிக்னல் டிரைவர் கண்ணுக்குத் தெரிந்ததா, அவர் எத்தனை மணி நேரம் ஓய்வெடுத்தார் என்றெல்லாம் கேட்க வேண்டும். (முதலில் டிரைவரைத்தான் திட்டுவார்கள், அது வேறு கதை.) பிள்ளைகள் விஷயத்தில் நாம் திட்டுவதோடு விசாரணையை முடித்துவிடுகிறோம்.

எடைக்கும் கவனத்துக்கும் தொடர்பே இல்லை என்று நான் வாதாடவில்லை. எடை கூடியவர்கள் சில கவனச் சோதனைகளில் சற்றுப் பின்தங்குவதாகப் பல ஆய்வுகள் சொல்கின்றன. ஆனால் எது எதற்குக் காரணம் என்பதுதான் கேள்வி. பட்டினி போட்டால் கவனம் வந்துவிடுமா? 1944-45இல் மின்னசோட்டா பல்கலைக்கழகத்தில் ஆன்சல் கீஸ் 36 ஆண்களுக்கு ஆறு மாதம் அரைவயிற்றுச் சாப்பாடு கொடுத்துப் பார்த்தார். புத்தியை அளக்கும் சோதனைகளில் அவர்கள் பெரிதாகச் சரியவில்லை. ஆனால் எதிலும் மனம் நிற்கவில்லை என்று புலம்பினார்கள். எந்நேரமும் சாப்பாட்டு நினைப்பு. சமையல் புத்தகங்களைப் படித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தவர்களும் உண்டு. பரீட்சை நாளில் ராத்திரிச் சாப்பாட்டை நிறுத்தும் தாய்மார்கள் இதை யோசிக்க வேண்டும்.

தூக்கத்தைப் பற்றி யாரும் பேசுவதில்லை. 2004-இல் சிகாகோ பல்கலைக்கழகத்தில் 12 இளைஞர்களை இரண்டு இரவு நாலு மணி நேரம் மட்டும் தூங்க விட்டார்கள். லெப்டின் 18 சதவீதம் இறங்கியது, கிரெலின் 28 சதவீதம் ஏறியது. கேட்டதெல்லாம் இனிப்பும் நொறுக்குத் தீனியும்தான். சின்னக் கூட்டத்தில் செய்த சோதனைதான். ஆனாலும், நைட் டியூட்டி பார்த்துவிட்டு நாக்பூர் ஸ்டேஷன் வெளியே விடியற்காலையில் தர்ரி ஊற்றிய போஹாவை இரண்டு தட்டு சாப்பிட்டுவிட்டு, பகல் முழுக்க வரைபடத்தில் எழுத்து ஓடாமல் உட்கார்ந்திருந்த எனக்கு இதை யாரும் நிரூபிக்க வேண்டியதில்லை.

பேரனின் கால அட்டவணையைப் பாருங்கள். கோச்சிங் முடிந்து வீடு வர ஒன்பது, படுக்கப் பதினொன்று, ஸ்கூல் பஸ்ஸுக்காக எழுவது ஐந்தரை. அதிலும் அவன் விடும் குறட்டை பக்கத்து அறைக்குக் கேட்கும். "தாத்தாவைப் போலவே" என்று சிரித்துக்கொண்டிருந்தோம். குறட்டை விடும் பிள்ளைகளில் சிலருக்கு மூச்சு தடைப்பட்டுத் தூக்கம் கலைந்துகொண்டே இருக்கும், பகலில் கவனம் சிதறும் என்பது எனக்கு இந்த வயதில்தான் தெரிந்தது. எடை கூடினாலும் வரும், டான்சில் பெருத்தாலும் வரும்.

கோச்சிங்கை நிறுத்தியாகிவிட்டது, மாப்பிள்ளைக்கு அதில் கொஞ்சம் வருத்தம். ஒன்பதரைக்கு விளக்கை அணைக்கிறோம். தோசையில் கை வைக்கவில்லை, பாட்டியின் கையைத்தான் பிடித்து நிறுத்தியிருக்கிறோம். காது மூக்கு தொண்டை டாக்டரைப் பார்க்க வரும் செவ்வாய்க்கிழமை லீவு வேண்டும் என்று டைரியில் எழுதிக் கையெழுத்துப் போட்டேன். நான் சொன்ன அந்த வார்த்தைக்காகப் பேரனிடம் இன்னும் மன்னிப்புக் கேட்கவில்லை. போகும் வழியில் ஆட்டோவில் கேட்கலாம் என்றிருக்கிறேன்.